சாக்கடைக்கு மட்டும் ஒரு கையெழுத்து

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனி மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குக் கழிவறை மாடியில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். கூடத்தில் கட்டில் போட்டு, கமோடு வைத்த நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கூடத்தின் மூலையில் ஒரு குளியலறை கட்டிவிடலாம் என்று ப்ளம்பரைக் கூப்பிட்டேன்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டே நாள் வேலைம்மா. பழைய பைப்லயே சேத்து விட்டுடலாம்" என்றார்.

"பர்மிஷன் வாங்க வேணாமா?"

"இந்தச் சந்துல யாரும்மா வாங்கியிருக்காங்க?"

என்னவோ எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பழைய பைப் மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீர் வாசல்வரை ஏறி வருவது வழக்கம். அந்தத் தண்ணீர் இனி அப்பா படுத்திருக்கும் கூடத்துக்குள் வந்தால் என்ன செய்வது? குடிநீர், கழிவுநீர் இணைப்பு தரும் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தேன்.

பார்வையிட வந்த இன்ஜினியர் என்னைவிட வயதில் சின்னவர். கன்னடக்காரர், தமிழும் கொஞ்சம் பேசினார். மாடிக் கழிவறையில் ஒரு பச்சைச் சாயப் பொடியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போனார். அங்கே மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. சற்று நேரத்தில் கால்வாய்ச் சுவரிலிருந்த ஓட்டை வழியாகப் பச்சைத் தண்ணீர் வந்து விழுந்தது. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கழிவெல்லாம் அந்தக் கால்வாயில்தான் கலந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பாதாளச் சாக்கடை மெயின் லைன் பக்கத்து ரோட்ல இருக்கு மேடம். ரோட வெட்டி உங்க லைன அதுல சேக்கணும். ஆனா உங்க ஒருத்தருக்கு மட்டும் ஆகல்ல, முடியாது" என்றார் அவர். எங்கள் பைப்பில்தான் பக்கத்து வீட்டுக் கழிவும் வந்து சேர்கிறது. பழைய பைப்பை அடைத்தால் அந்த வீட்டுக்கும் புது இணைப்பு வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து விண்ணப்பித்தால் ஒரே குழி, ஒரே லைன்.

பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் விஷயத்தைச் சொல்லி, விண்ணப்பத்தோடு வைக்க வீட்டுப் பத்திரம் வேண்டும் என்றதும் அவர் முகம் இறுகிப்போனது.

"எத்தன வருஷமா ஓடுது, உனக்கு இப்பதான் நாறுதா? ஆபீசரக் கூட்டினு வந்து எங்க ஊட்டக் காட்டிக் குடுக்கறியா?"

"அப்பாவுக்காகத்தான்க்கா."

"எங்க ஊட்டு பேப்பரெல்லாம் என்னாண்ட கேக்காத. என்னால ஆகாது."

கதவைச் சாத்திக்கொண்டார். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வீடு இன்னமும் அவருடைய மாமனார் பேரில் இருந்தது. அக்காவின் கணவரும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ளவே இல்லை. கணவரின் காரியத்தன்று தம்பியோடு வாய்த்தகராறு ஆகி, அதிலிருந்து இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வதில்லை. விண்ணப்பத்துக்கு அந்தத் தம்பியின் சம்மதமும் வேண்டும். கையெழுத்து கேட்டுப் போனால் அந்தப் பழைய கதையெல்லாம் கிளம்பும் என்று அக்காவுக்குப் பயம்.

என்னோடு பேச்சு நின்றது. ஆனால் அப்பாவுக்கு மாவு கொடுத்தனுப்புவது நிற்கவில்லை. ஒருநாள் நான் ஆபீசில் இருந்தபோது அவரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னாலேயே வந்தார்.

"உங்கப்பா தண்ணியே குடிக்கறதில்ல, தெரியுமா உனக்கு? உதடெல்லாம் வெடிச்சுப் போயிருக்கு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்டதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? பொண்ணு வேலைக்குப் போயிட்டு வந்து என் கமோடக் கழுவுது, எவ்ளோ கம்மியா குடிக்கறனோ அவ்ளோ நல்லதுன்றாரு."

நான் சமையலறைக்குள் போய் நின்றேன். அக்காவும் வந்தார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவர் தன் முந்தானையை நீட்டினார்.

"யாராண்ட கையெழுத்து வாங்கணும், சொல்லு. என் கொழுந்தனாண்ட நான் தனியா போவ மாட்டேன். நீயும் வா."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆஸ்டின் டவுனுக்கு ஆட்டோவில் போனோம். கொழுந்தன் தன் வீட்டின் முன்பக்கத்தில் சின்ன எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"என்னா அண்ணி, பாகம் பேச வந்தீங்களா?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இல்ல, சாக்கடை" என்றார்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சாயப் பொடியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க ஊட்டுலருந்து உங்க லைனுக்கு வர்ற பைப்ப அண்ணனும் நானும்தான் தோண்டிப் போட்டோம்" என்றார். "அப்ப ரோட்ல மெயின் லைன் வரல. வந்ததும் மாத்தணும்னு சொல்லினே இருந்தான்." பிறகு அக்காவிடம், "மழைக்கு இன்னும் வாசல்ல தண்ணி ஏறுதா?" என்று கேட்டார்.

"ஏறுது."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

"நீ எடுத்திருப்பியா?"

அவர் உள்ளே பார்த்து மூன்று காப்பி போடச் சொன்னார். சம்மதக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே, 'இந்தச் சம்மதம் சாக்கடை இணைப்புக்கு மட்டும்' என்று தன் கையாலேயே ஒரு வரி எழுதினார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா, "அந்த ஒரு வரி எழுதலன்னா அவனுக்குத் தூக்கம் வராதா?" என்று பொருமினார். கொஞ்ச தூரம் போனபின், "மூஞ்சி அப்படியே அவங்கண்ணன் மூஞ்சி" என்றார்.

அனுமதி உடனே வந்துவிடவில்லை. ரோடு வெட்டுவதற்கு மாநகராட்சியில் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ரோட்டைத் தோண்ட விடமாட்டார்கள் என்பதால் அது முடியும்வரை காத்திருந்தோம். அந்த நாட்களில் பகல் வேளையில் அக்காதான் அப்பாவுக்கு ஒத்தாசை. தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அப்பாவுக்கு மறுக்கத் தைரியம் வராது.

குழி தோண்டிய அன்று அக்காவின் கொழுந்தன் சொல்லாமலே வந்து நின்றார். பழைய பைப் எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்று அவருக்கு நினைவிருந்தது, ஆட்களிடம் காட்டினார். மண் குழாய் ஒன்று இரண்டாக உடைந்து வெளியே வந்தபோது அருகில் போய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வேலையாட்களுக்கு இட்லி கொடுத்தார். கொழுந்தனுக்கும் ஒரு தட்டை நீட்டினார். வீட்டுக்குள் வரச் சொல்லி அக்காவும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. சந்திலேயே நின்று சாப்பிட்டார்.

இன்ஜினியர் வந்து மறுபடி பச்சைப் பொடி போட்டுப் பார்த்தார். இந்த முறை கால்வாய் ஓட்டையில் எதுவும் வரவில்லை. மெயின் லைன் மேன்ஹோலுக்குள் எட்டிப் பார்த்து, "ஆயித்து மேடம், முடிஞ்சது" என்று சிரித்தார்.

கீழே கட்டிய குளியலறையின் சுவரில் அப்பா பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறோம். முதல் நாள் உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா உக்காந்திருக்கேன்" என்றார்.

அக்காவின் வீடு இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது. பாகப் பேச்சை இதுவரை யாரும் எடுக்கவில்லை. போன வாரம் அவருடைய மாவு அரைக்கும் மோட்டார் நின்றுபோனது. ரிப்பேர் செய்ய ஆள் இருக்கிறதா என்று நான் விசாரிக்கப் போனபோது, கொழுந்தனுக்கே போன் பண்ணிவிட்டதாக அக்கா சொன்னார்.

"எடுத்தாராக்கா?"

"எடுத்தான். நாளைக்கு வரானாம்."