சௌக்கியமா என்று கேட்கப் போனவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். தபாலில் பதில் கார்டு போட்டுக் கேட்பது நல்லதா, நேரில் போவது நல்லதா என்று இரண்டையும் செய்து பார்த்துச் சொல்லும்படி டாக்டர் உத்தரவு.

கார்டுகளை நம்பினால் ஜில்லாவே சௌக்கியம். ஒருவரைப் பற்றி, ‘பூரண சௌக்கியம்’ என்று அவர் அண்ணன் எழுதியிருந்தார். அந்த மனுஷரோ மறுபடி எங்கள் வார்டுக்கே வந்து, என்னிடம் வேர்க்கடலை கேட்டுக்கொண்டிருந்தார். கார்டு சுத்தப் பொய், நேரில் போனால்தான் உண்மை வரும் என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். போவது நானல்லவா! என் முகத்தைப் பார்த்தால் ஜனங்கள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த முகத்துக்குப் பவுடர் வேறு பூசிக்கொண்டு கிளம்புவேன்.

காக்களூரில் ஒரு பெண். பிரசவத்துக்குப் பின் புத்தி கலங்கி எங்களிடம் வந்து, தேறிப் போனவள். இரண்டாம் முறை அவளைப் பார்க்கத் திருவள்ளூரில் ரயிலை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே போனேன். வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ நானே குணப்படுத்தியது போல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமியார் என்னைக் கண்டதும் குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாம் பேச வசதி பண்ணிக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்! தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்.

“போன தபா நீங்க வந்து போனப்புறம் ரொம்ப நாளு கொயந்தைய எங்கையில குடுக்கல சார். ஆஸ்பத்திரிக்காரரு ஊட்டுக்கே தேடிக்கினு வராருன்னா, இன்னும் சரியாவலன்னுதானே அர்த்தம்ன்றாங்க. இப்பத்தான் குடுக்க ஆரம்பிச்சாங்க. இனிமே கார்டே போடுங்க சார்.”

எனக்கு அவமானமாக இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். மாமியார் பக்கம் திரும்பி, உத்தியோகக் குரலில், இவள் பூரணமாகக் குணமாகிவிட்டாள், தைரியமாகக் குழந்தையைக் கொடுக்கலாம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

“ஆவட்டும் சார், குடுக்கறேன்” என்று மரியாதையாகச் சொல்லி, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

தெருக்கோடியில் திரும்பிப் பார்த்தேன். சோற்றுக் கிண்ணத்தை அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊட்டியது மாமியார்.