ஏரிக்கரைப் பாதையில் மூன்று கட்சி

குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் குதிரையால் வரும் தொல்லை ரொம்பக் கம்மி. அது பாவம், புல்லும் கொள்ளும் போட்டால் தன் பாட்டுக்கு இருக்கும். தொல்லையெல்லாம் இரண்டு காலில் நடந்து வருகிறவர்களாலும் இரண்டு சக்கரத்தில் உருண்டு வருகிறவர்களாலும்தான். காசு கொடுத்துக் குதிரைமேல் ஏறுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையில் எனக்கு அந்த வேலை. பி.காம். படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். என் மாமனாரே கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவன் என்பதை நம்பி, பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்த ஒருவர் என்னை ‘ரைடிங் மாஸ்டர்’ ஆக்கினார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நாலு குதிரைகளை அவர் மலிவாக வாங்கிப் போட்டிருந்தார். லாயம் ஏரிக்கு இந்தப் பக்கம், பயிற்சி மைதானம் அந்தப் பக்கம். இரண்டையும் சேர்ப்பது கரைமேல் போகும் ஒரே ஒரு மண்பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கருவேல முள். காலனிக்காரர்கள் காலையில் வாக்கிங் போவதும் அதில்தான், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு சைக்கிளில் போகிறவர்கள் குறுக்கே புகுந்து பறப்பதும் அதில்தான்.

முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். பாதை போனால் பள்ளியை மூடிவிட்டு, நாலு குதிரையையும் மெரினா பீச்சில் சவாரிக்கு விற்றுவிடுவாராம். அந்த நாலில் ராணி என்று ஒரு பழுப்புக் குதிரை. முன்னங்காலில் பழைய அடி. மணலில் நாள் முழுக்க ஆளைச் சுமந்தால் அந்தக் கால் ரொம்ப நாள் தாங்காது. எனக்கோ அதன்மேல் உயிர். அதனால் அந்தப் பாதையில் எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் நான் கும்பிடு போட்டேன். பொதுவழியில் அடுத்தவனிடம் மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் எல்லாரும் என் ஜாதி, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஹாரன் இல்லாத குதிரை

ராஜகோபாலன் சார் காலனி நலச் சங்கத்தின் தலைவர். ரயில்வே கணக்குப் பிரிவில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். பின்பக்கமாக நடந்தால் முழங்கால் வலி பறந்துபோகும் என்று ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் முகம் ஒரு திசையிலும் பயணம் மறு திசையிலுமாக நடக்க ஆரம்பித்தார். தலையில் மங்கி குல்லா வேறு, காதும் கேட்காது.

ஒரு மார்கழிக் காலையில் அவருடைய முதுகு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் ராணிமேல் முன்னால் போகிறேன், பின்னால் மூன்று குதிரையில் மூன்று மாணவர்கள். “சார்! சார்!” என்று கத்தினேன். அவர் திரும்பாமலே கையைத் தூக்கி “குட் மார்னிங்” என்றார். ராணியை இழுத்து நிறுத்தினேன். நிற்பது அதற்குக் கைவந்த கலை, பந்தயத்திலேயே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அவர் வந்தார், வந்தார், அதன் நெஞ்சில் வந்து சாய்ந்துகொண்டார். சுவர் சூடாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். ராணி அவருடைய குல்லாவை மோந்து பார்த்தது. எகிறிக் குதித்தவர், மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் பின்னாடி பார்க்காம வர்றேன்னு தெரியுதில்ல? ஒரு ஹாரன் அடிக்க மாட்டீங்களா சார்?”

குரல் கொடுத்த ஏழுமலை

ஏழுமலை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அவருடைய சைக்கிளில் பிரேக்கைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும். ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி கடகடக்கும், செயின் கவர் உராயும், அதற்கு மேல் பெல். குதிரைக்குப் பின்னால் வந்து அவர் பெல்லை அழுத்தினால், பந்தயம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நாலும் காதை விறைத்துக்கொள்ளும். பந்தய நாளில் இந்தச் சுறுசுறுப்பைக் காட்டியிருந்தால் இங்கே ஏன் வந்திருக்கப்போகின்றன?

நான் அவரை நிறுத்தி, தன்மையாகச் சொன்னேன்: “அண்ணே, பெல் வேணாம். கொஞ்சம் தூரத்துலேருந்தே குரல் கொடுங்க, ஒதுங்கிக்கிறோம்.” தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் குரல் கொடுத்தார். தேர்த் திருவிழாவில் வடம் இழுக்கிறவன் கொடுப்பானே, அந்தக் குரல். அதுவும் குதிரையின் வாலுக்குப் பக்கத்தில் வந்து. கடைசிக் குதிரை துள்ள, அதன்மேல் இருந்த டாக்டர் வீட்டம்மா நேராகக் கருவேல முள்ளில் போய் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் சைக்கிளை மடக்கினேன். தப்பு செய்துவிட்டோமே என்ற வாட்டம் அந்த முகத்தில் துளிகூட இல்லை. ஏழுமலை சொன்னார்: “இன்னா மாஸ்டர், உன் குதிரைக்கு ஷிப்ட் கீதா? எனக்கு கீது. லேட்டா போனா கேட்லயே நிக்க வெச்சி அனுப்சிடுவான். வயிய வுடு!”

மாப்பிள்ளை

குதிரைமேல் இருப்பவர்கள் மட்டும் என்ன ஒழுங்கா? குரோம்பேட்டையிலிருந்து ஒரு பாங்க் ஊழியர் வந்து சேர்ந்தார். காதல் கல்யாணம். பெண் வீட்டார் வடநாட்டுக்காரர்கள், மாப்பிள்ளை குதிரையில் வந்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்களாம். அவருக்கு உலகத்தில் காதலுக்கு அடுத்தபடி பயம் அதிகம். பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொள்வார்.

நடுக் கரையில் ஒருநாள் அவர் குதிரை நின்றுவிட்டது. குதிரைக்கும் இயற்கை உபாதை உண்டு, அதற்கு அவசரமும் கிடையாது. முன்னால் வாக்கிங் கூட்டம், பின்னால் சைக்கிள் கூட்டம். பாதையை அடைத்துக்கொண்டு நடுவே மாப்பிள்ளை. “குதிகாலால ஒரு தட்டு தட்டுங்க சார், போயிடும்” என்கிறேன். அவர் அசையவில்லை. இரண்டு பக்கமும் திட்டு விழுகிறது, என்னைத்தான். கடைசியில் நான் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மைதானத்தில் இறங்கியதும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இதேதான் மாஸ்டர் எனக்கு வேணும். கல்யாணத்தன்னிக்கும் இப்படியே நின்னுடுமா?”

ரோஜாவுக்கு உரம்

குதிரை போகிற பாதையில் சாணமும் விழும். நானும் கபாலியும் கூடை எடுத்துக்கொண்டு பின்னாலேயே அள்ளிக்கொண்டு போவோம். கபாலி எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அப்படியும் ராஜகோபாலன் சாருக்குப் போதவில்லை. காலனியின் சுகாதாரம் கெடுகிறது, தொற்றுநோய் பரவும், குதிரைகளுக்குத் தடை போட வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் வீட்டு வாசலில் இருந்த சாக்கடை பரப்பாத நோயையா ராணி பரப்பிவிடப்போகிறது? ஆனாலும் அவர் மனு போட்டால் ராணி பீச்சுக்குப் போக வேண்டியதுதான்.

சமாதானம் பேசலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் கை அகலத்துக்கு ரோஜா. கபாலி நாள் தவறாமல் கொல்லைக் கதவு வழியாக ஒரு கூடை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறாராம். அந்தப் பூவைத்தான் சார் தினம் பூஜையில் வைக்கிறார். “மாமி, சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கெஞ்சினேன். அந்த அம்மாள் துளியும் அசராமல் சொன்னார்: “அவர் மனு எழுதறது அவர் இஷ்டம், அதுல நான் தலையிடறதில்ல. நீங்க நாளைலேருந்து ரெண்டு கூடையா அனுப்புங்கோ.”

சுண்ணாம்புக் கோடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதகுக்குப் பக்கத்தில் சமரசக் கூட்டம் போட்டார்கள். காலனிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்கள். சைக்கிள்காரர்கள் சார்பில் ஏழுமலை, சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றார். எங்கள் முதலாளி காரில் வந்து, காரிலேயே இருந்தார். மூன்று கட்சியும் மாறி மாறிப் பேசின. மற்ற இரண்டு கட்சிக்கும் புத்தி கிடையாது என்பதில் மட்டும் மூன்றும் ஒத்துப்போயின.

கடைசியில் ராஜகோபாலன் சார் ஒரு திட்டம் சொன்னார். கரை நெடுக நடுவில் சுண்ணாம்புக் கோடு. தண்ணீர்ப் பக்கம் நடப்பவர்களுக்கு, முள் பக்கம் சைக்கிளுக்கு. “குதிரைக்கு?” என்று கேட்டேன். கோட்டின் மேலேயே போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். குதிரை வெள்ளைக் கோட்டைக் கண்டால் பள்ளம் என்று நினைத்து மிரளும் என்று நான் சொன்னது கைதட்டலில் அமுங்கிப்போயிற்று.

மறுநாள் காலை ராணி கோட்டைப் பார்த்தது. மூக்கை விடைத்தது. நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பின்னால் நகர ஆரம்பித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ராஜகோபாலன் சார் தம் வழக்கப்படி பின்பக்கமாகவே வந்தார். பின்பக்கமாக நடக்கிறவருக்குக் கோடு எங்கே தெரியும்? கோணலாக வந்து சைக்கிள் பக்கம் ஏறிவிட்டார். குரல் கொடுத்துக்கொண்டே பாய்ந்து வந்த ஏழுமலை அவரைத் தவிர்க்க ஒடித்தார், தவிர்க்க முடியவில்லை. சாரும் ஏழுமலையும் சைக்கிளும் முள்ளுக்குள் விழுந்தார்கள், தூக்குச்சட்டிச் சாம்பார் முழுக்க சாரின் வெள்ளைப் பனியன்மேல். நல்லவேளை, கீறலோடு போயிற்று. கைகொடுத்துத் தூக்கும்போது, “சார், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டீங்களே” என்றேன். முள்ளை உதறிக்கொண்டே அவர் சீறினார்: “கோடு போட்டவனே நான்தான் சார். என்கிட்டயே கோட்டைக் காட்டறீங்களா?”

மூன்று மனு

அந்த வாரமே மூன்று மனுக்கள் போயின. குதிரையையும் சைக்கிளையும் தடைசெய்ய வேண்டும் என்று காலனி. குதிரையையும் வேலைவெட்டி இல்லாமல் நடக்கிறவர்களையும் தடைசெய்ய வேண்டும் என்று சைக்கிள்காரர்கள். நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேளாமல், மற்ற இரண்டு பேரையும் தடைசெய்யச் சொல்லி எங்கள் முதலாளி இங்கிலீஷில் ஒன்று. “நம்ம பாதைக்கே ஆபத்து சார், போடாதீங்க” என்று காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஓர் எஞ்சினியர் ஜீப்பில் வந்தார். டேப் பிடித்துக் கரையின் அகலத்தை அளந்தார், இளநீர் குடித்தார், போனார். சில வாரத்தில் கரையின் இரண்டு முனையிலும் தண்டவாளக் கம்பி நட்டு, ஆள் உயரத்துக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். யாருக்கும் வழியில்லை. பூட்டு மாட்டிய அன்று எஞ்சினியரிடம் ஓடினேன். ராணியைப் பற்றியும் அதன் காலைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு நிஜமாகவே மனம் நொந்த குரலில் சொன்னார்: “மூணு பேர் மனு குடுத்தாங்க, மூணையும் அப்படியே ஏத்துக்கிட்டோம். இதுக்கு மேல கவர்மென்ட் இன்னும் என்ன சார் பண்ணணும்?”

லாரி

ஏழுமலை அதற்குப் பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போனார், பாதி நாள் ஃபாக்டரி கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். ராஜகோபாலன் சார் மொட்டைமாடியில் பின்பக்கமாக நடந்தார். கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுந்துவிடுவாரோ என்று பயந்து, மாமி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் இருந்தார். இரண்டு பேரையும் வழியில் பார்த்தபோது, மற்றவனால்தான் பாதை போயிற்று என்று ஒரே மாதிரி சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் கட்டி ஏரியில் தள்ளியிருப்பேன்.

முதலாளி சொன்ன சொல் தவறாதவர், குதிரைகளை விற்றுவிட்டார். பீச்சிலிருந்து லாரி வந்தது. மற்ற மூன்றும் ஏறிவிட்டன. ராணி பலகையில் கால் வைக்காமல் நின்றது. நானே கடிவாளத்தைப் பிடித்து, பேசிக்கொண்டே ஏற்றினேன். நான் கூப்பிட்டதால்தான் அது ஏறியது, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. கயிற்றைக் கட்டும்போது கண் தெரியவில்லை, முடிச்சே விழவில்லை. கபாலி வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: “எறங்கு மாஸ்டர். நீ அயுதா அதுவும் பயந்துகினு நிக்கும். அதுக்கு நல்ல எடத்துக்குப் போறதாவே இருக்கட்டும்.”

இப்போதும் அந்தக் கேட் பூட்டியேதான் இருக்கிறது, ஆனால் தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் கரையேறி தினமும் ஜாம்ஜாமென்று நடந்து போகின்றன, இதுவரை யார்மீதும் மனு போடாத எருமைகள்.