அப்பா தேர்ந்தெடுத்த கார்

பழைய கார் வாங்கிப் பழுது பார்க்கலாமா என்று யோசனை கேட்டு என்னிடம் இப்போதும் யாராவது வந்துகொண்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனப் பதிவு அலுவலகத்தில் மேசை தேய்த்து ஓய்வு பெற்றவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தெரியும்தான். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா, வண்டியின் சட்டத்தில் பொறித்த எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒன்றா, வரி எந்த ஆண்டோடு நின்றுபோனது என்று வரிசையாகச் சொல்லிக் கடைசியில் வேண்டாம் என்பேன். காப்பியைக் குடித்துவிட்டு நேரே போய் வாங்கிவிடுவார்கள். இந்த விதிகளில் ஒன்றுக்கும் கட்டுப்படாமல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கார் ஒன்று உண்டு. அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்தோம். பட்டாளத்தில் லாரி பழுது பார்க்கும் பிரிவில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போயிருந்த சித்தப்பா திரும்பி வந்திருந்தார். போகும்போது தெருவே கேட்கப் பேசிக்கொண்டு போனவர், வரும்போது வாயை எங்கோ வைத்துவிட்டு வந்துவிட்டார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார். தூங்கு என்றால் படுப்பார், தூங்கமாட்டார். அப்பா பிடித்துக்கொடுத்த ஆபீஸ் வேலைக்குச் சில நாள் போனார். பிறகு போகவில்லை.

வேலையை விட்டது ஒன்றும் பெரிதில்லை. சொல்லாமல் ரயிலேறிவிடுவார் என்பதுதான் வீட்டின் கவலை. ஒருமுறை அரக்கோணம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவரை உறவுக்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்தார். இன்னொரு முறை பெஜவாடா, அதாவது இன்றைய விஜயவாடாவரை போய்விட்டார். எங்கே போகக் கிளம்பினாய் என்று அப்பா கேட்டதற்கு, “தெரியலண்ணா” என்றார். அதில் பொய் இல்லை என்பதுதான் அப்பாவைக் கலக்கியது. மூன்றாவது முறை போனால் கண்ணில் படுவாரா என்ற கேள்வி எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. ஆனால் வாசற்கதவு கிறீச்சிட்டால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா பால்காரரைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட சித்தப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தானாக வாய் திறந்தார்.

“அண்ணா, பழைய காரு ஒண்ணு கெடைச்சா வாங்கிப் போடலாமா? பிரிச்சு மேஞ்சு, ஓட வச்சுப் பாக்கலாம்னு இருக்கு.”

அம்மா ரசச் சட்டியோடு நின்றுவிட்டாள். வந்த நாளாய் அவர் கேட்ட முதல் பொருள் அது.

அப்பா கோட்டையில் தலைமைக் குமாஸ்தா. எந்த விஷயம் அவரிடம் போனாலும் ஆட்சேபணைகளை ஓரத்தில் சுமந்துகொண்டுதான் திரும்பும். பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டும், கூப்பனுக்குக் காரணம் வேண்டும், குமாஸ்தா வீட்டில் கார் நின்றால் மேலே உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வரிசையாக எழுப்பினார். எல்லாவற்றையும் எழுப்பி முடித்துவிட்டு, “பாக்கலாம்டா” என்றார். பணம் அவருடையது. ஆகவே முடிவும் அவருடையது. சித்தப்பாவும், “நீங்க பாத்து முடிச்சா சரிண்ணா” என்று சொல்லிவிட்டார்.

வண்டி பார்த்துத் தரும் பொறுப்பை என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். மவுண்ட் ரோடில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. அந்த ரோடில் போகிற வண்டிகளையெல்லாம் தினம் பார்ப்பதால் மோட்டார் சாஸ்திரம் தனக்கு அத்துபடி என்று நம்பியவர். அடையாற்றில் ஒரு துரை சீமைக்குத் திரும்புகிறார், அவர் வண்டி விலைக்கு வருகிறது என்று மாமாதான் செய்தி கொண்டுவந்தார்.

அதைப் பார்க்கப் போன நாளில் அப்பா என்னையும் கூட்டிப்போனார். காரணம் பாசமல்ல, சகுனம். அப்பா தன் ஆயுளில் ஆபீஸ் துரைக்கும் பஞ்சாங்கத்துக்கும் மட்டுமே பயந்தவர். பட்டாணி வாங்கக்கூட ராகு காலத்தில் வாசல் தாண்டமாட்டார். அன்று ராகு காலம் கழியும்வரை மாமா வாசலில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பின்சந்து வழியாக அனுப்பி, நிறைகுடத்தோடு முன்வாசலுக்கு எதிரே வரச் செய்தார்கள். கன்னிப்பெண், நிறைகுடம், எதிர்வரவு என்று எல்லாம் விதிப்படி அமைந்தன. குடத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சகுனமாகிய நானும் ஜட்காவில் ஏறிக்கொண்டேன்.

துரையின் வண்டி மரத்தடியில் நின்றது. கறுப்பு. கண்ணாடியில் என் பல் தெரிந்தது. வண்டி செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம், வாரிசுகள் எங்காவது இருப்பார்கள். துரை வெளியே வரவில்லை. பட்லர்தான் காட்டினார்.

“வண்டி சொம்மா பூவாட்டம் கீதுங்க. கியர்ல மட்டும் கொஞ்சம் சவுண்டு வரும். அத்த பாத்துக்கினா போதும்.”

மாமா குனிந்து நிமிர்ந்து, சக்கரத்தைக் காலால் உதைத்து, வைத்தியர் போலத் தலையாட்டினார். “அத்தான், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். நம்ம சின்னவரு கை பட்டா ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசம். ஜம்முனு ஓடும்.”

“அதுக்கப்புறம்?” என்றார் அப்பா.

“அப்புறம் என்ன, ஓட்ட வேண்டியதுதான்.”

“எங்க?”

“எங்க வேணா. இந்த வண்டிய எடுத்தா நேரா பம்பாய்க்கே போலாம். நடுவுல எவனும் நிறுத்தமாட்டான்.”

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று பட்லரிடம் சொன்னார். கோட்டையில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று பட்லருக்கும் தெரிந்திருந்தது. திரும்பும் வழி முழுக்க மாமா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார். இவ்வளவு நல்ல சகுனமாக நான் எதிரே வந்தும் கார் கிடைக்கவில்லையே என்று நானும் மனம் வெதும்பி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டாள். “ஏங்க, வண்டி நல்லா இல்லியா?”

“ரொம்ப நல்லா இருக்கு” என்றார் அப்பா. அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வண்டியை அப்பாவே கண்டுபிடித்தார். தியாகராய நகரில், பனகல் பார்க்குக்கு அந்தப்புறம், ஓய்வுபெற்ற சப் ஜட்ஜ் ஒருவரின் கொட்டகையில் அது கிடந்தது. யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நிறுத்தியது, அப்படியே நின்றுவிட்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் மட்டும் போனோம். மாமாவுக்குச் சொல்லவில்லை. என்னைக் குடத்தோடு எதிரே வரச் சொல்லவும் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நானே ஞாபகப்படுத்தினேன். “அது கெடக்கட்டும், வா” என்றார்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஒரு கோழி பின்சீட்டிலிருந்து எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. மேற்கூரைத் துணி நார்நாராகத் தொங்கியது. ஒரு விளக்கு இருந்தது, ஜோடி இல்லை. டயர்கள் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தன. சப் ஜட்ஜ் நியாயஸ்தர், ஆனால் விற்க வந்தவர். ஆறே மாதத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தார். அப்பாவின் முகம் வாடியது. அது விலைக்காக என்று நினைத்துக்கொண்டு அவர் விலையை இறக்கினார். அப்பாவின் முகம் இன்னும் வாடியது. பேரம் பேசத் தெரியாத மனுஷரிடம் மாட்டிக்கொண்டோமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன் என்று உள்ளே போனார்.

அந்த வீட்டில் முன்பு டிரைவராக இருந்து, வண்டி நின்றபின் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கே வாழைக்குக் கொத்திக்கொண்டிருந்தார். அப்பா மெதுவாக அவரிடம் போனார்.

“இத ஓட வைக்க எவ்வளவு நாளாகும்?”

அவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “படிச்சவராட்டம் கீறீங்கோ, உங்களாண்ட பொய் சொல்லக்கூடாது. உள்ள பாதி சாமான் இல்ல சார். சீமையிலயே இப்ப செய்றாங்களோ இன்னாவோ. ஒண்ணொண்ணா நாமளே அடிச்சிக்கினு, அரத்தால ராவிக்கினு ஒக்காரணும். ஒரு வருசமும் ஆவும், ரெண்டு வருசமும் ஆவும். வேற வண்டி பாருங்கோ.”

“ஆனா முடியாதுன்னு இல்லியே?”

“முடியாதுன்னு எப்படிச் சொல்றது? கைவேலை தெரிஞ்ச ஆளு விடாம குந்திக்கினா முடியும். யார் சார் குந்துவா?”

அப்பா அவருக்குக் கும்பிடு போட்டார். கோட்டையில் வேலை செய்பவர் தோட்டக்காரருக்குக் கும்பிடு போட்டு நான் பார்த்தது அன்றுதான். அவரும் மண்வெட்டியோடு திருப்பிப் போட்டார். பிறகு அப்பா வீட்டுக்குள் போய், வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

சப் ஜட்ஜுக்கு மகிழ்ச்சியைவிட அதிர்ச்சி அதிகம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “நாலரைக்குள்ள அட்வான்ஸ முடிச்சிடலாமே” என்றார். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம் தொடங்கும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே எங்கள் வீட்டில் அதைத்தான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். அப்பாவோ, “அவசரமில்லீங்க” என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். தோட்டத்து வாழையின் ஜாதி என்ன என்று கேட்டார். சப் ஜட்ஜின் சர்வீஸில் வந்த வழக்குகளைச் சொல்லும்படி கேட்டார். ஓய்வுபெற்றவரிடம் அதைக் கேட்டால் மணி ஓடுவது தெரியாது என்பதை இப்போது நானே சாட்சி சொல்வேன். கடிகாரம் ஐந்து அடித்தது. அப்பா மடியிலிருந்து நோட்டுகளை எடுத்தார்.

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “அப்பா, ராகு காலம்.”

“தெரியும்மா.”

சப் ஜட்ஜ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “குழந்தை சரியாச் சொல்றா. ஆறு மணிக்கு மேல குடுங்களேன், நான் எங்க ஓடிப்போகப் போறேன். இந்த நேரத்துல தொடங்கினா காரியம் முடியாதும்பாங்க.”

“பரவாயில்லீங்க. இப்பவே வாங்கிக்குங்க.”

அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் பணத்தை எண்ணவில்லை. உள்ளே கொண்டுபோய் சாமி அறைக்கு வெளியே வைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாட்டுவண்டியின் பின்னால் கயிறு கட்டி, தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூர்வரை இழுத்து வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்காரரின் மகன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். எங்கள் சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். “இன்னா சார், பெட்ரோலுக்குப் பதிலா வைக்கலா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அப்பா அவரையும் கும்பிட்டார். மாமா வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இனி மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தார். அடுத்த வாரமே அந்தச் சத்தியத்தை மீறினார்.

பின்பக்கம் மாடு போனபிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் வண்டியை நிறுத்தினார்கள். சித்தப்பா அதை ஒருமுறை சுற்றிவந்தார். எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அதற்குள் அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார். பக்கத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“அண்ணன் இத யார்கிட்டயும் விசாரிக்காமலா வாங்கினாரு?”

எனக்கு அழுகை முட்டியது. பளபளவென்று ஒரு வண்டியைக் கண்ணால் பார்த்தவள் நான். “விசாரிச்சாரு சித்தப்பா. அந்தூட்டு டிரைவர் ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆவும், வேற வண்டி பாருங்கன்னு சொன்னாரு. அதக் கேட்டுட்டுத்தான் அப்பா வாங்குறேன்னாரு. மாமா காட்டினது ரெண்டு மாசத்துல ஓடும்னாங்க. அத வேணாம்னுட்டாரு. இதுக்கு ராகு காலத்துல வேற காசு குடுத்தாரு. நான் சொன்னேன், ஜட்ஜ் தாத்தாவும் சொன்னாரு. தெரியும்மான்னு சொல்லிட்டுக் குடுத்தாரு.”

சித்தப்பாவின் கை மூடியின் மேலேயே நின்றது.

“ராகு காலத்துலயா? அண்ணனா?”

“ஆமா. அதுவரைக்கும் வாழை மரத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் இருமல் போலத்தான் வந்தது. பிறகு நிற்கவில்லை. வண்டியின் மிதிபலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கையை எடுத்தபோது கண்ணெல்லாம் ஈரம். முட்டாள்தனமாக வாங்கிய அப்பாவைக் கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

“போய் அம்மாகிட்ட பழந்துணி வாங்கியா” என்றார். “நெறைய வேணும்னு சொல்லு.”

நான் போய் அம்மாவிடம் புகாரோடு சேர்த்துச் சொன்னேன். அப்பாவை நினைத்து சித்தப்பா சிரிக்கிறார், அதுவும் அப்படிச் சிரிக்கிறார், துணி வேறு நிறைய கேட்கிறார் என்று. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, பழந்துணிக்குப் பதிலாக அப்பாவின் நல்ல வேட்டி ஒன்றை எடுத்துக் கிழித்தாள். அழுதுகொண்டே கிழித்தாள். மறுபடியும் பெட்டிக்குள் கைவிட்டாள்.

“அம்மா, கார் எப்ப ஓடும்?” என்று கேட்டேன்.

“ஓடும்போது ஓடட்டும் போடி.”

வாங்கினவர் ஓடாது என்று தெரிந்தே வாங்கினார், ஓட வைக்க வேண்டியவர் சிரிக்கிறார், இவள் நல்ல வேட்டியைக் கிழித்துக்கொண்டு அழுகிறாள். இந்த வீட்டில் அந்தக் காரைப் பற்றி அக்கறை உள்ளவள் நான் ஒருத்திதான் என்று துணிகளைச் சுமந்துகொண்டு கொட்டகைக்கு நடந்தபோது எனக்கு உறுதியாயிற்று.