பாதி வீடியோ டீச்சர்

எங்கள் பாலக்கரைப் பள்ளியில் உமாமகேஸ்வரிக்கு 'பாதி வீடியோ டீச்சர்' என்று பெயர். வைத்தது நான்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து அறிவியல் எடுப்பவள், தற்காலிக வேலை. ஸ்மார்ட் போர்டில் பாடம் ஓடும்போது, விடை வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுவாள். பிள்ளைகள் யோசித்துச் சொல்ல வேண்டும், செய்து பார்க்க வேண்டும். மீதி வீடியோ மறுநாள்தான்.

"திரை கடைசியாத்தான் பேசணும்க்கா. முதல்லயே சொல்லிட்டா பிள்ளைங்க யோசிக்கிறதையே விட்டுடும்" என்பாள்.

தமிழ் டீச்சரான எனக்கு அந்தப் போர்டைக் கண்டாலே எரிச்சல். அவளுக்கு அது உயிர்.

வினை அதில்தான் வந்தது. ஒரே மூச்சில் ஓடி முடிந்தால்தான் வீடியோ கணக்கில் சேரும். போர்டைக் கொடுத்த கம்பெனி அனுப்பும் ரிப்போர்ட்டில் அவள் வகுப்பு மட்டும் எப்போதும் சிவப்பு. இந்தத் தை மாதம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. தாளாளர் அற்புதசாமி அவள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்.

"இன்னைக்கு ஒருநாள் முழுசா ஓட விட்டுடு, உமா" என்று அவர் வந்த அன்று காலையில் கெஞ்சினேன்.

"சரிக்கா" என்றாள்.

எனக்கு அப்போது வகுப்பில்லை. அவள் வகுப்பு வாசலில் போய் நின்றேன். பாடம் நிழலைப் பற்றியது. நிறுத்த வேண்டிய இடம் வந்தது. ரிமோட்டைத் தூக்கினாள், ஆனாலும் நிறுத்தவில்லை. 'நிழல் மிகக் குறைவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு' என்றது வீடியோ. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தேவதர்ஷினி எழுந்தாள். "இல்ல மிஸ். நேத்து கொடிக்கம்பத்துல அளந்தோமே. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிச்ச பிறகும் குறைஞ்சிட்டேதான் இருந்துச்சு. நீங்கதான் தப்பா அளந்திருப்பீங்கன்னு சொன்னீங்க."

பின்வரிசையில் தாளாளர் நிமிர்ந்தார். உட்காரச் சொல்லிவிடு என்று எனக்குள் கத்தினேன். உமாவின் முகம் வெளுத்துவிட்டது.

வீடியோவை நிறுத்தினாள்.

"வாங்க, பார்த்துடலாம்."

பன்னிரண்டு மணி அடித்ததும் கொடிக்கம்ப நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். சாப்பாட்டை மறந்து வெயிலில் காத்திருந்தார்கள். தாளாளரும் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நிழல் கோட்டைவிட்டு உள்ளே போனது. நாலு விரல் குறைந்தது.

"நம்ம கடிகாரம் நாடு முழுக்க ஒண்ணு. சூரியன் ஊருக்கு ஊர் வேற நேரத்துல உச்சிக்கு வரும்" என்றாள் உமா. "படிச்சதுதான். வீடியோவை முன்னாடியே பார்த்துட்டு, நேத்து நானும் திரையைத்தான் நம்பினேன். நீங்க அளந்தது சரி."

தாளாளர் அவளை நான் நின்ற ஓரமாகத் தனியே அழைத்தார். "நல்லாத்தான் நடத்துறீங்கம்மா. ஆனா இன்னைக்கும் வீடியோ முடியலை. கமிட்டிக்கு ரிப்போர்ட்டைத்தான் காட்டணும். இந்த வருஷம் போஸ்ட் இல்லை."

அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றாள் பிள்ளைகளிடம். "மத்தியானம் வீடியோவை முதல்லேர்ந்து போடுறேன்."

போட்டாள். 'சரியாகப் பன்னிரண்டு மணிக்கு' என்று அது சொன்னதும், வகுப்பு மொத்தமும் "இல்லை!" என்று கத்தியது. ஆபீஸ் ரூம் வரைக்கும் கேட்டது. தாளாளர் அப்போது அங்கேதான் இருந்தார்.