கபீர் பாயும் உப்புக் காரும்

கபீர் பாய் இறந்துவிட்டார்.

காலையில் தனசேகர் போன் செய்து சொன்னான். "பாய் போயிட்டாருப்பா... தூக்கத்துலயே." பிறகு மழை வருமா என்று கேட்டான். தெரியாது என்றேன்.

தெரியாதவர்களுக்கு: மரக்காணத்தில் உப்பு ஏற்றும் லாரி ஒன்றுக்கு ஓனர், டிரைவர் இரண்டும் பாய்தான். கூனிமேட்டுக்காரர். நான் உப்பளத்துப் பக்கம் வே பிரிட்ஜில், அதாவது லாரி எடை மேடையில், பில் போடுகிறவன். தனசேகருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் உப்புப் பாத்தி.

மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர். மூன்று பேருக்கும் வேலை இல்லை. நாட்டைத் திருத்தலாம், அல்லது ஏதாவது விளையாடலாம். நாங்கள் என் எடை மேடை அறையில் விளையாடினோம்.

ஆரோவில்லிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் தனசேகரிடம் கொடுத்துவிட்டுப் போன கார் ரேஸ் போர்டு கேம். ஒரு வட்டமான டிராக், தாயக்கட்டை, கேம் விதிகள் அடங்கிய புத்தகம். கார்களை மட்டும் காணோம்.

பாய் டிராக்கைப் பார்த்ததும் கேட்டார். "சுத்திச் சுத்தி வந்து அதே எடத்துல நிக்கறதுக்கு எதுக்குப்பா டீசலு?"

நியாயமான கேள்வி. உலகப் புகழ் பெற்ற ரேஸ் வீரர்கள் யாரும் இதுவரை பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

போர்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் மார்க்கரால் எங்கள் ஈசிஆர் ரோட்டை வரைந்தார். மரக்காணத்தில் கிளம்பி கீழ்புத்துப்பட்டு போய்த் திரும்ப வேண்டும். விதிகளும் அவருடையவையே. கூனிமேட்டில் பள்ளிக்கூடம் இருப்பதால் ஒவ்வொரு கட்டமாகத்தான் போகலாம். திரும்பும்போது செக்போஸ்ட்டில் ஒரு ஆட்டம் நிற்க வேண்டும், வண்டி காலியாக இருந்தாலும்.

ஓவர்டேக் செய்கிறவர் வாயால் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். ஒரு நாள் பழைய உப்பு இருப்பை எடை போட வந்த வியாபாரி, மூன்று ஆண்கள் பாம் பாம் என்று கத்துவதைக் கதவருகே நின்று பார்த்தார். பிறகு வேறு எடை மேடைக்குப் போய்விட்டார்.

கார்களைப் பாய் உப்புக் கட்டியில் செதுக்கினார், லாரிக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைப் பூசினார். அவருக்குப் பச்சை, எனக்கு நீலம், தனசேகருக்குச் சிவப்பு.

மழைக்காலத்தில் உப்பில் கார் செய்வது, வாழ்நாள் முழுக்க உப்போடு இருந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மற்றவர்களுக்கு அந்த யோசனையே வராது. ஒரே வாரத்தில் கார்கள் வேர்த்து, மூக்கு மழுங்கி, மூன்றும் ஒரே சாடையில் நின்றன.

"கரையுதே பாய்," என்றான் தனசேகர்.

"டயர் தேயாம எந்த வண்டிப்பா ஓடுது?" என்றார். அதுவும் விதியாகிவிட்டது.

அவர் ஒரு ரேஸ்கூட ஜெயித்ததில்லை. ஹாரன் கேட்டாலே ஓரம் கட்டி வழிவிடுவார், போர்டிலும்.

போன மழைக்காலத்தில் அவருக்குச் சர்க்கரையால் ஒரு கண் மங்கியது. இன்னொன்றும் சுமார்தான். லாரி ஓட்டுவதை விடச் சொல்லி அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா வீட்டில் தினமும் சண்டை. கடைசியில் அவரே ஒரு முடிவு சொன்னாராம். மழை விடுவதற்குள் ஒரு ரேஸ் ஜெயித்தால் வண்டியை அவரே ஓட்டுவார். இல்லையென்றால் சாவி அவருடைய மச்சானுக்கு.

"பந்தயம் மார்க்கத்துல ஆகாதே பாய்?" என்று கேட்டேன்.

"பந்தயம் இல்லப்பா. குடும்பத்துல ஒரு பேச்சுவார்த்தை."

அக்கா உடனே சம்மதித்துவிட்டார். அவருடைய ரெக்கார்டு அக்காவுக்குத் தெரியும்.

மழை விட இருந்த ஒரு மத்தியானம், கடைசி ரேஸ். நான் முன்னால். பாய் பின்னால். அவருக்கு ஆறு விழுந்தது. காரை எடுத்தார், எண்ணி நகர்த்தினார், ஹாரன் அடித்தார், மரக்காணம் வந்து சேர்ந்துவிட்டார்.

"பாத்தியா சேகரு! நான் ஓட்டறேன்டா வண்டிய!"

அவர் நகர்த்தியது என் கார்.

தனசேகர் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் பார்க்க எதுவும் இல்லை.

அவர் காரைக் கையில் எடுத்தார். நல்ல கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்பா... இது பச்சையா, நீலமா?"

"ஈரத்துல சாயம் மாறிடுச்சு பாய்," என்றான் தனசேகர். அவன் சொன்ன பொய்களில் அதுதான் நல்ல பொய்.

"சாயம் மாறல சேகரு. நான்தான் மாத்தி எடுத்துட்டேன்." காரைப் போர்டில் வைத்தார். "இங்கன்னா பரவாயில்ல. ரோட்டுல..."

சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்துப் போர்டு மேல் வைத்தார். பிறகு டீ சொல்லச் சொன்னார்.

இந்த சீசன் முழுக்க மச்சான் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். "ஹாரன் அடி, பிரேக்கு போடு, ஆடு வருது பாருன்னு... ஒரு நாள்கூட வாய் மூடல," என்று மச்சான் இன்று பள்ளிவாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அழுதுகொண்டுதான் இருந்தார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தோளில் தூக்கிப் போனவர்கள் நல்ல வேகம். பாய் பார்த்திருந்தால் ஓரம் கட்டச் சொல்லியிருப்பார்.

பாத்து, மெதுவா போங்க பாய்.