பினாங்கு வீட்டுக்குப் பேகம்பூரில் முன்பணம்

பினாங்கிலிருந்து பணம் வரும் என்பது எங்கள் அகரத்தில் எல்லோருக்கும் தெரியும். அகரத்திலிருந்து பினாங்குக்குப் பணம் போகும் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. மச்சானின் கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் அப்பா, "வாய்க்காத் தண்ணிய மேட்டுல ஏறச் சொல்றாரு மாப்பிள்ளை" என்றார்.

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மச்சான் கல்யாணமான நாற்பதாம் நாளே பினாங்குக் கடை வேலைக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஓர் அறையில் ஏழு ஆண்கள் படுத்திருந்தார்கள். குடும்பம் வைக்க ஒரு வீடு அமைந்தால்தான் அக்கா கப்பலேற முடியும். இப்போது அமைந்திருந்தது. வாடகை மாதம் இருபது வெள்ளி, அந்த ஊர்க் காசில். ஆறு மாத வாடகை முன்பணம். கார்த்திகை முடிவதற்குள் அது வந்து சேராவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும். மச்சான் கையில் எதுவும் இல்லை. சேர்த்ததையெல்லாம் எங்கள் மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றுக்கு அனுப்பியிருந்தார். கிணறு வெட்டியதில் பூ நன்றாகவே பூத்தது. அப்பாவிடம் பணம் இருந்தது. அதைக் கடலுக்கு அந்தப் பக்கம் சேர்க்கும் வழிதான் தெரியவில்லை.

அக்கா தண்ணீர் எடுக்கப் போனால், "என்னடி, டிக்கெட்டு வந்துருச்சா?" என்று கேட்காத வாய் கிடையாது. அரைக்குடத்தோடு திரும்பிய நாட்கள் உண்டு.

சித்தப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருக்கும். "அடுத்த கப்பல்ல போற ஆளு தலகாணிக்குள்ள வச்சுத் தைச்சு விட்ருவோம்."

"போன வருசம் அப்படித்தான ஒருத்தர் நகையக் குடுத்து விட்டாரு? கொண்டுபோன ஆளு திரும்பி வாரப்ப கையில கடியாரம் கட்டிக்கிட்டு வந்தான்" என்றார் அப்பா.

"நீங்க யாரும் கவலைப்பட வேணாம். நான் பேங்குல பாத்துக்குறேன்" என்றேன் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு தேறிய முதல் ஆள் நான்தான். அதற்கு முந்தைய வகுப்புகளைத் தேறிய முதல் ஆளும் நானே. அதனால் வீட்டுக்கு வருகிற கடிதம், பட்டா, மருந்துச் சீட்டு, எண்ணெய் டப்பாவில் ஒட்டிய காகிதம் எல்லாம் என் கைக்கு வந்த பிறகுதான் அவற்றுக்கு அர்த்தம் உண்டாகும். ஒரு முழுத்தாளில் இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினேன். அதில் 'பணிவுடன்' என்று பொருள்படும் சொல் மட்டும் நாலு இடத்தில் வந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன்.

வங்கியில் இருந்தவர் என் இங்கிலீஷை முழுவதும் படித்துவிட்டுத் தமிழில் பேசினார். வெளிநாட்டுக்குப் பணம் போக வேண்டுமானால் ஃபாரம் நிரப்பி மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். அனுமதி வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். வந்தால் அதற்குக் கமிஷன் தனி. "எழுத்து நல்லாருக்கும்மா" என்று தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

பஸ் தாடிக்கொம்பு தாண்டியதும் அப்பா, "எழுத்து நல்லாருக்காமே" என்றார்.

வீட்டில் நான், "பரிசீலனையில் இருக்கு" என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த சொல். ஒன்றும் நடக்கவில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அக்கா சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "ஏண்டி, அந்த வீட்டுக்காரருக்கு ஊரு எதுன்னு வாசிச்ச?"

"பினாங்குதான்."

"வீடுதான் பினாங்கு. ரெண்டாம் பக்கத்துல வாசிச்சியே. 'வீட்டுக்காரர் நம் திண்டுக்கல் ராவுத்தர், பேகம்பூரில் தோல் கிடங்குக்குப் பின்னால் அவருடைய சம்சாரம் இருக்கிறார், நல்ல மனிதர்'னு. அந்தம்மாவுக்கு மாசாமாசம் அவரு பணம் அனுப்பித்தான ஆகணும்? நம்ம இங்க குடுத்துட்டா அவரு அனுப்புறது மிச்சம், நம்ம அனுப்புறதும் மிச்சம்."

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மச்சானின் கடிதங்களை நான் ஒருமுறை வாசிப்பேன். அவள் அதற்குப் பிறகு நாள் முழுவதும் மனசுக்குள் வாசித்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது.

வங்கி வழியாகப் போகாத பணத்தைச் சட்டம் ஏற்குமா என்ற கேள்வி எனக்கு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை அப்பா, அக்கா, நான் மூவரும் பேகம்பூர் போனோம். தோல் வாடையே வழி காட்டியது. வீட்டில் ஆண்கள் இல்லாததால் அப்பா தெருமுனையில் நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

ராவுத்தரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் குடியிருக்கப் போறவளா? அது பலகத் தரை, தாயி. அம்மியப் போட்டு நங்குநங்குன்னு அரைக்கக் கூடாது. பின்னால ஒரு ரம்புத்தான் பழ மரம் இருக்கு. அதுல துணி காயப் போடாத, எறும்பு ஏறிரும்."

"நீங்க அங்க எம்புட்டு நாளு இருந்தீங்கம்மா?" என்றாள் அக்கா.

"நான் எங்க போனேன்? நாலு வருசமா அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி, அம்புட்டுத்தான். எல்லாம் அவரு எழுதுறதுதான்."

இருவரும் பார்க்காத அந்த வீட்டில் அடுப்பு எந்த மூலையில் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் இருமி, பணத்தை எடுத்தேன். வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய் போதும் என்றார் அந்த அம்மா. நூற்று எண்பது ரூபாய். மூன்று முறை எண்ணிக் கொடுத்தேன். அப்புறம், நானே எழுதி ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கொண்டுவந்திருந்த ரசீதை நீட்டினேன்.

"இந்த எழுத்து எனக்கு வராது. நான் எழுதித் தாரேன். என் கையெழுத்தப் பாத்தாத்தான் அவரு நம்புவாரு" என்று சொல்லி, ஒரு தாளில் வலப்பக்கமிருந்து விறுவிறுவென எழுதினார். அரபு எழுத்து. என்னிடம் கொடுத்தார்.

எனக்குத் தெரியாத எழுத்து ஒன்று இருக்கிறது என்பதை அக்கா முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வரிவரியாக விரலை ஓட்டிப் பார்த்தேன். "எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். தாளைத் திரும்ப வாங்கி, "ஒரு வரி விட்டுப்போச்சு" என்று கடைசியில் எதையோ சேர்த்தார். பிறகு அக்காவுக்காக மேலே இருந்ததை உரக்க வாசித்தார். எழுத்துதான் அரபு, சொல் அத்தனையும் நம் தமிழ்! பணம் வந்த விவரம், ரூபாய்க் கணக்கு, வீட்டைக் கொடுத்துவிடச் சொன்னது எல்லாம் இருந்தது.

"கடைசி வரிம்மா?" என்றாள் அக்கா.

"அது எங்க வீட்டுப் பேச்சு."

ரசீதைக் கடிதத்துக்குள் வைத்து விமானத் தபாலில் போட்டோம். போட்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்த அம்மா வாசித்ததும் எழுதியதும் ஒன்றுதானா? அந்தக் கடைசி வரி, 'வீட்டைக் கொடுக்காதீர்கள்' என்று இருந்தால்? வாசிக்கத் தெரியாத தாளுக்குச் சரி என்று சொன்னவள் நான். அக்காவோ டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள். "ரசீதுன்னு சொல்லி கறி ஆக்குற பக்குவத்த எழுதியிருந்தா என்னத்தா பண்ணுவ?" என்று அப்பா தினமும் கேட்டார்.

கார்த்திகை முடிய நாலு நாள் இருக்கும்போது மச்சானின் பதில் வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார, நான் வாசித்தேன். சாவி கைக்கு வந்துவிட்டது. தை மாதக் கப்பலுக்கு நாகப்பட்டினம் வர வேண்டும். சித்தப்பா தன் யோசனை பலித்ததுபோலத் தொடையில் தட்டினார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் அடுத்த வரிக்குப் போனேன், நின்றேன், அதைத் தாண்டி, "மற்றவை நேரில்" என்று முடித்தேன்.

"நடுவுல ஒண்ண முழுங்குற" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சி சொல்லுதே. வாசிடி. என் புருசன் காயிதம்."

வேறு வழியில்லை. வாசித்தேன்: "ரசீதின் கடைசி வரியைப் படித்து ராவுத்தர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. 'பணம் கொண்டுவந்த படித்த பெண், இந்தச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாள். சூது தெரியாத குடும்பம், நம்பி வீட்டைக் கொடுங்கள்' என்று எழுதியிருந்ததாம்."

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ வாசி" என்றாள். "நிறுத்தி வாசி. மனப்பாடம் பண்ணணும்."