பாணும் வெறுந்தேத்தண்ணியும்

தோப்பூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எந்த ஊர் என்று நான் சொல்லப்போவதில்லை. திருகோணமலை மாவட்டத்துக்குள் என்பது போதும். ஊரை மறைப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. எதையும் ஊர் சொல்லி, இடம் சொல்லி, மேசையில் தட்டிப் பேசித்தான் எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஒரு டீச்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். எதிர்க்கட்சியில் இருப்பவருக்கு அதிகாரம் கிடையாது, வாய் மட்டும்தான் உண்டு. என்னுடையது கொஞ்சம் பெரிய வாய். சபைக்குப் போன முதல் வாரத்திலேயே, குறைந்த சம்பளக்காரர்களின் கதையைத்தான் பேசுவது என்று முடிவெடுத்தேன். தெருக் கூட்டுகிறவர்கள், மீன் வெட்டிக் கழுவும் பெண்கள், நலன்புரிப் பட்டியலிலிருந்து காரணம் சொல்லாமல் வெட்டப்பட்டவர்கள் எல்லாரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்களில் என் வயிற்றை அதிகம் எரித்தவர்கள் முன்பள்ளி ஆசிரியைகள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மூக்குத் துடைத்து, செருப்பு மாட்டி, அகரம் எழுதக் கை பிடிக்கிறவர்களுக்கு மாதம் முடியக் கிடைப்பதைச் சம்பளம் என்று யாரும் சொல்வதில்லை. கொடுப்பனவு என்கிறார்கள். ஏதோ இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்களாம்!

அந்த டீச்சர் முதன்முதலாக வந்தது ஒரு சனிக்கிழமை. நகரத்தில் என் அலுவலக வாசலில், தெருவில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று எனது பழைய தேர்தல் சுவரொட்டியைத் தின்றுகொண்டு நின்றது. அதை விரட்டிவிட்டு உள்ளே வந்தவர், கதிரையின் நுனியில் உட்கார்ந்தபடி, "உங்கட முகத்தில பாதியத் தின்டுட்டு மெடம்" என்றார். அப்போதே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

சொல்ல வந்ததை நேராகச் சொன்னார். பள்ளிக்குப் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கலர்ப் பேப்பர், பசை, சோக்கட்டி எல்லாம் அவருடைய காசு. கூரை ஒழுகியபோது தறப்பாள் வாங்கிப் போட்டதும் அவர்தான். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர். வீட்டில் அவருடைய சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர்.

"இதெல்லாம் போக மிச்சம் என்ன இருக்கும் டீச்சர்?" என்று கேட்டேன்.

"மிச்சம் இருந்தா நான் ஏன் மெடம் இங்க வாறன்?" என்று சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "எங்கட வீட்டுக்காரர் டிரக்டர் ஓடுறார். நாங்க பட்டினி இல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆனா உழைச்ச காசு உழைச்சவக்கு வரணும்தானே?"

ஒரு சொல் விடாமல் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பட்டினி இல்லை என்பதையும் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் எனக்கு எட்டு நிமிடம் ஒதுக்கினார்கள். முன்பள்ளிக் கதையை எடுத்தேன். எதிரே ஆளும் தரப்பில் பாதிப்பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், மறைப்பானேன். நாலு பஸ்ஸைச் சொன்னேன், கலர்ப் பேப்பரைச் சொன்னேன், தறப்பாளைச் சொன்னேன். ஒரு தலை அசையவில்லை. தலைமை தாங்கியவர், "கௌரவ உறுப்பினர் அவர்களே, உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடும்.

"தோப்பூர்ப் பக்கத்தில் அந்த டீச்சர், தன் மூன்று பிள்ளைகளுக்கும் இரவில் பேக்கரிப் பாணைப் பாலில்லாத வெறுந்தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்துப் படுக்க வைக்கிறார். தெரியுமா உங்களுக்கு?"

தலைகள் நிமிர்ந்தன. ஒரு பிரதி அமைச்சர் மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவியை அவசரமாகக் காதில் மாட்டினார். எங்கள் தரப்பு மேசையில் தட்டியது. வெளியே வந்தபோது, "இன்றைக்குக் கலக்கிவிட்டீர்கள்" என்று கை கொடுத்தார்கள். அந்த ஒரு நிமிடத்தை யாரோ வெட்டியெடுத்துப் போட, அடுத்த நாள் மாவட்டம் முழுக்கப் போனில் ஓடியது. எனக்கும் பெருமைதான். பொய் சொல்லி என்ன, நானே அதை நாலைந்து தடவை பார்த்தேன்.

பாணையும் வெறுந்தேத்தண்ணியையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது.

மறு சனிக்கிழமை டீச்சர் வந்தார். இந்த முறை உட்காரவில்லை. கையிலிருந்த பையிலிருந்து பொலித்தீன் பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்தார். அரிசி, பருப்பு, ஒரு தேங்காய், ஒரு பெட்டி பிஸ்கட்.

"என்ன டீச்சர் இது?"

"பிள்ளைகள் பேக்கில கொண்டு வந்தது. உம்மாமார் குடுத்து அனுப்பியிருக்காங்க. 'டீச்சர், உங்கட வீட்ட சாப்பாடு இல்லையாம், இந்தாங்க' என்டு என்ட கையில தருதுகள். நாலு வயசுப் பிள்ளை மெடம்!"

"நான் உங்கட பேரைச் சொல்லேல்லையே" என்றேன். சொன்னவுடனேயே அது எவ்வளவு அசட்டுப் பேச்சு என்று எனக்கே தெரிந்தது.

"பேர் வேறயா வேணும்? அங்க முன்பள்ளி டீச்சர், மூணு பிள்ளைக்கு உம்மா, வேற ஆரு இருக்கா? நான் எப்ப மெடம் உங்களுக்கிட்ட பாண் கதை கதைச்சன்? பட்டினி இல்லயெண்டு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்கள்."

"எங்கட வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போறதில்ல இப்ப. உழைக்கத் தெரியாதவன் என்டு ஆக்கிட்டீங்க அவர. வியாழக்கிழமையிலயிருந்து நான் பள்ளியத் திறக்கல்ல. என்னப் பார்த்துப் பாவப்படுற பிள்ளைகளுக்கு முன்னால என்னால நிக்க ஏலாது. நீங்க எங்க அத சொன்னீங்களோ, அங்கயே போய் இல்லயெண்டு சொல்லுங்க. அப்பதான் நான் கதவத் திறப்பன்."

பொதிகளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். இருபத்திரண்டு பிள்ளைகளின் பள்ளி என் நாக்கால் பூட்டிக் கிடந்தது. அவர் போனபிறகு எனக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, அவர்மேலேயே கோபமும் பட்டேன். இவருக்காகத்தானே பேசினேன் என்று. அந்தக் கோபம் அரைமணி நேரத்தில் போய்விட்டது, நல்லவேளை.

முதலில் குறுக்கு வழி தேடினேன். உரைகளின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தபோது அந்த வசனத்தைப் பேனையால் வெட்டி அனுப்பினேன். எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம், பேசியதைப் பேசாததாக்க முடியாது என்று மிகவும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சரி. பிறகு எங்கள் கட்சியின் கொறடாவிடம் போனேன். சபையில் எங்கள் ஆட்களைக் கட்டி மேய்ப்பவர் அவர். தன்னிலை விளக்கம் ஒன்று கொடுக்கப்போகிறேன் என்றதும் தலையில் கை வைத்தார்.

"உங்களுக்கு என்ன விசரா? ஆறு மாதத்துக்கு அவர்கள் இதையே பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். சும்மா விடுங்கோ. இரண்டு கிழமையில் எல்லாரும் மறந்துபோவினம்."

"டீச்சர் மறக்க மாட்டா" என்றேன்.

"சபையில் எழும்பி, நான் சொன்னது பொய் என்று சொன்ன முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீங்கள்."

"யாராவது ஒராள் தொடங்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு, சபாநாயகரிடம் அனுமதிக் கடிதத்தைக் கொடுத்தேன்.

அனுமதி கிடைத்த நாளில் எழுந்தேன். அந்த டீச்சர் தன் பிள்ளைகளுக்கு இரவில் சோறும் கறியும் கொடுக்கிறார், பாண் கதை என் சொந்தச் சேர்க்கை, அவர் என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை, அவரிடமும் அவர் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். எதிரே பெரிய சிரிப்பு. "அப்படியென்றால் மற்றதாவது உண்மையா?" என்று ஒருவர் கத்தினார்.

"மற்றதெல்லாம் உண்மை. நாலு பஸ்ஸும் உண்மை, கலர்ப் பேப்பரும் உண்மை, தறப்பாளும் உண்மை. அதற்கு நீங்கள் அன்றைக்குத் தலை நிமிரவில்லை. நான் பொய் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தீர்கள்."

சிரிப்பு நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

இரண்டு நாளில் டீச்சரின் அழைப்பு வந்தது. "ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எங்கட வீட்ட வாங்க மெடம்." அழைப்பு மாதிரி இல்லை, உத்தரவு மாதிரி இருந்தது. மூதூர் தாண்டிப் போனேன். அந்த வீட்டின் முன்கதவு, பின்கதவு, சன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும், பஸ் ஏறி வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளின் உம்மாமார் நாலைந்து பேரும் இருந்தார்கள். சாட்சிக்கு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

பாய் விரித்து, நடுவில் எல்லாரும் ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய தட்டான சஹனை வைத்தார்கள். நெய்ச்சோறு. கோழி. இறால் பொரியல். கத்தரிக்காய் பிரட்டல். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். டீச்சர் என் பக்கத்தில் குந்தியிருந்து அள்ளி அள்ளி வைத்தார். "சாப்பிடுங்க மெடம். பாண் இல்ல, பயப்படாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற அவருடைய கணவரும் சிரித்தார்.

எனக்குச் சந்தை விலையெல்லாம் மனப்பாடம். சபையில் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த விலைகள். அந்த இறால் என்ன விலை, கோழி என்ன விலை, நெய் என்ன விலை என்று கேட்காமலே மனம் கூட்டிவிட்டது. டீச்சரின் ஒரு மாதக் கொடுப்பனவு முழுவதும் அந்தப் பாயில் இருந்தது. நான் இரண்டு சொல்லைச் சேர்த்தேன். அதை ஊரின் வாயிலிருந்து அழிக்க அவர் ஒரு மாத உழைப்பைச் சமைத்து வைத்திருந்தார். வேண்டாம் என்று கையை எடுத்தால் அது முதல் பொய்யைவிடப் பெரிய அவமானம். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை இறாலும் கேட்டு வாங்கினேன்.

கை கழுவும்போது ஒரு தாய், "டீச்சர், நாளைக்குப் பள்ளி இருக்கா?" என்று கேட்டார்.

"ஏன் இல்லாம? எட்டு மணிக்குப் பிள்ளைய அனுப்புங்க. பேக்கில புத்தகம் மட்டும் வைங்க" என்றார் டீச்சர்.

இதை எழுதலாமா என்று பிற்பாடு அவரிடமே கேட்டேன். எழுதியதை வாசித்தும் காட்டினேன். விலைக் கணக்கு வந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "உங்களுக்கு விளங்கிட்டா அன்றைக்கே? சரி, எழுதுங்க. பேரும் வேணாம், ஊரும் வேணாம்" என்றார்.

கொடுப்பனவு இன்னும் போதுமான அளவு கூடவில்லை. கூடும். நான் விடப்போவதில்லை, அது அவர்களுக்கும் தெரியும். அடுத்த விவாதத்தில் எனக்கு ஆறு நிமிடம்தான் தந்தார்கள். நாலு பஸ்ஸைச் சொன்னேன், கலர்ப் பேப்பரைச் சொன்னேன். எதிரே எல்லோரும் போனுக்குள் இருந்தார்கள். ஒரு நிமிடம் மிச்சம் என்று அறிவித்தபோது, அந்தப் பாயும் சஹனும் இறாலும் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. இதைச் சொன்னால் அத்தனை தலையும் நிமிரும் என்று நன்றாகத் தெரியும். விழுங்கிக்கொண்டேன். தறப்பாளைச் சொன்னேன். ஒரு தலை நிமிரவில்லை. நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. நாலு பஸ்ஸிலிருந்து மறுபடி தொடங்கினேன்.